பூ வைக்காத செவ்வரத்தை

அந்தக் கடதாசியைத் தரமாட்டேன் என்று நான் சொன்னபோது அக்காவின் மகள் என் வீட்டு வாசலுக்குள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி உருகி என் கால்மிதியை நனைத்தது. வெளியே பெப்ரவரிக் குளிர். இரும்புப் படிக்கட்டு முழுக்க ஐஸ். அதில் சறுக்கி விழாமல் ஏறி வந்த பிள்ளைக்கு, "வா, இரு, தேத்தண்ணி போடுறன்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனுசன் ஊரெல்லாம் சொல்லித் திரிவது பொய் இல்லை.

"அது அம்மாவின்ரை கடைசிப் படம், அன்ரி. எனக்கு அது வேணும். இப்ப இருக்கிறபடியே வேணும்," என்றாள்.

"அது படம் இல்லை. அரைவாசிப் படம். மற்ற அரைவாசி என்ரை கையிலை கிடக்கு."

"அந்தக் கையைத்தான் வைக்க வேண்டாம் எண்டு சொல்லுறன்."

கேட்டீர்களா கதையை! என் வீட்டில் நின்றுகொண்டு, என் வீட்டு நிலத்தில் விரித்து வரைந்த படத்தில் நான் கை வைக்கக்கூடாதாம்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவ இல்லை. சீனாவின் தெற்குக் கரையிலிருந்து வந்தவ. என்னைவிடச் சில மாதம் மூத்தவ என்று தெரிந்த நாளிலிருந்து நான் அக்கா என்றேன்; அவவும் அது நான் தனக்கு வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கப் பழகினா. மொன்றியலுக்கு வந்த புதிதில், புதிதாய் வந்த ஆட்களுக்கு நடத்திய பிரெஞ்சு வகுப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேசை. எங்களுக்குள் ஓடியது அங்கே பொறுக்கிய அரைகுறைப் பிரெஞ்சுதான். அதை அப்படியே எழுதினால் எனக்கே விளங்காது. ஆனபடியால் இங்கே அக்காவும் மகளும் யாழ்ப்பாணத்து ஆட்கள் மாதிரித்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தவள். எனக்குத் தெரிந்தது வெள்ளைக்காரன் முறை. வெளிச்சம் ஒரு பக்கத்தால் வரவேண்டும், மற்றப் பக்கம் நிழல் விழவேண்டும், பூ கடதாசியை விட்டு எழும்பி நிற்கவேண்டும். இங்கே வந்து கார்டெரி என்கிற ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறேன். அக்கா உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில். வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் வினைச்சொல் படிப்பித்துக்கொண்டிருக்க, அவ கொப்பிக் கரையில் ஒரு இலை போட்டா. கீறிப் பார்த்து, அழித்து, திருத்திப் போடவில்லை. ஒரே இழுப்பு. நுனி, நரம்பு, காற்றில் மடிந்த ஓரம் எல்லாம் அந்த ஒரு இழுப்பில் வந்து நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு என்ன?

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவ செயின்ட்-மிஷேலிலிருந்து பஸ் ஏறி பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு என் வீட்டுக்கு வருவா. குசினி மேசையின் ஒரு பக்கம் அவவின் மை, மற்றப் பக்கம் என் நிறங்கள். வரைந்ததைவிடச் சண்டை பிடித்ததுதான் கூட.

"உன்ரை பூ ஏன் இப்பிடி ஊதிப்போய்க் கிடக்கு? வயித்துக்கோளாறோ?" என்பா.

"உங்கடை இலைக்குச் சூரியனே இல்லையோ அக்கா? ஒரு பொட்டு நிழல் இல்லை," என்பேன்.

இப்படிக் கீரியும் பாம்புமாய் இருந்த நாங்கள் ஒரு நாள் ஒரே கடதாசியில் கை வைத்தோம். இலையும் தண்டும் அவவின் கறுப்பு மையில். பூ என் நிறத்தில், என் வெளிச்சத்தோடும் நிழலோடும். வரைந்து சுவரில் சாத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் பின்னுக்குப் போய் நின்று பார்த்தோம். அதற்கு முதல் நான் தனிய வரைந்த எதுவும் அவ்வளவு வடிவாய் வந்ததில்லை. அவவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டா.

அவவின் ஊர் வழக்கத்தில் பூ முதல், இலை பிறகு. ஆனால் நான் ஒரு பூவுக்கு அரை நாள் இருப்பேன். "நீ பூ வைச்சு முடிக்கிறதுக்கிடையிலை எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்" என்று சொல்லி வழக்கத்தையே தலைகீழாக்கினா. தான் முதலில் இலையும் தண்டும் போட்டுவிட்டு, பூ வரவேண்டிய இடத்தை வெள்ளையாய் விட்டுவிடுவா. நான் பிறகு அதற்குள் பூவை வைப்பேன். என் பூ எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு கொழுக்கும் என்பதெல்லாம் அவவுக்கு அத்துப்படி. அவ விட்ட வெள்ளை என் பூவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

சீனக் கடதாசி ஒரு பொல்லாத சாமான். மெல்லிசு. தண்ணியைக் கண்டால் குடிக்கும். வைத்த கோட்டைத் திரும்ப எடுக்கேலாது. வரைந்து முடித்தபிறகும் ஆபத்துத் தீராது. படத்தைக் குப்புறப் போட்டு, முதுகு முழுக்கப் பசைத்தண்ணி தடவி, இன்னொரு கடதாசியில் ஒட்டினால்தான் சுருக்கம் போகும். முதல் படத்தை அப்படி ஒட்டியபோது அக்காவின் மை அசையவில்லை. என் சிவப்போ வழிந்தோடி, கோழி அறுத்த இடம் மாதிரி ஆக்கிவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். தங்கள் பக்கத்தில் படத்தை ஆவியில் வைத்து நிறத்தை இறுக்குவார்கள் என்றா அக்கா. ஆவியில் வைக்க யாழ்ப்பாணத்தாளுக்குச் சொல்லித்தர வேணுமா? அடுத்த படத்துக்கு என் நிறத்தில் அவவின் பசையைக் கொஞ்சம் கலந்தோம்; காய்ந்தபிறகு சுருட்டி, துணியில் சுற்றி, இடியப்பத் தட்டில் வைத்து அவித்தெடுத்தோம். சிவப்புப் பிடித்து நின்றது. அன்றிலிருந்து என் மனுசன் சனிக்கிழமைகளில், "இண்டைக்கு என்ன அவியுது, இடியப்பமோ தாமரையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பானையைத் திறப்பார்.

எங்கள் படங்கள் மெல்ல மெல்ல வெளியே போகத் தொடங்கின. இந்த வசந்தத்துக்குப் பக்கத்து நூலகத்து மண்டபத்தில் ஒரு சுவர் முழுக்க எங்களுக்கு என்று தந்தார்கள். நடுச்சுவருக்குப் பெரிதாய் ஒன்று வேணும். என்ன பூ என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் யன்னலடிச் சட்டியில் ஒரு செவ்வரத்தை நிற்கிறது; செம்பருத்தி என்றும் சொல்வார்கள். வெளியே பனி கொட்டக் கொட்ட, உள்ளே ஹீட்டர் சூட்டில் வெட்கமில்லாமல் பூக்கிற மரம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, தளபாடங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கடதாசியை நிலத்தில் விரித்தோம். அக்கா காலுறையோடு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தா. கதைக்கவில்லை. செவ்வரத்தையைப் பார்க்கவும் இல்லை. பிறகு குனிந்தா. குனிந்தவ நிமிர்ந்தபோது மரம் நின்றது. பல்லுப் பல்லாய் வெட்டின இலைகள், சில இடத்தில் கடும் கறுப்பு, சில இடத்தில் சாம்பல், சில இடத்தில் தண்ணி வற்றின தூரிகையால் இழுத்த வெறும் கீறல். நடுவில் ஒரு பெரிய வெள்ளை. மேலே இரண்டு. கீழே மொட்டுக்கு ஒரு சின்ன வெள்ளை.

"வாற சனி நீ," என்று சொல்லி, பெரிய வெள்ளைக்கு மேல் விரலைச் சுழற்றிக் காட்டினா. "இஞ்சை பயப்பிடாமல் வை."

அந்தச் சனிக்கிழமைக்கு அக்கா வரவில்லை. புதன்கிழமை, தொழிற்சாலையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தபடியே சரிந்துவிட்டா. பாரிசவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, போர்வைக்கு மேல் அவவின் வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. அந்தக் கை! நான் தொட்டேன், சூடாய் இருந்தது, திரும்பிப் பிடிக்கவில்லை. படியிறங்கி பஸ் தரிப்பிடத்துக்கு வரும்வரைக்கும் அடக்கி வைத்திருந்துவிட்டு அங்கே நின்று குழறினேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு மனுசி பாவம், கைலேஞ்சி தந்தா.

அதற்குப் பிறகு பூ வைக்காத அந்தச் செவ்வரத்தை என் அறைச் சுவரில் தொங்கியது. நான் தொடவில்லை. மகள் வந்து கேட்டது அப்போதுதான். இனி நான் வாசலுக்குத் திரும்ப வேணும், ஏனென்றால் அந்தப் பிள்ளை சொல்லவேண்டியதை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையுங்கோ அன்ரி. உங்கடை படத்துக்கு முன்னாலை நிக்கிற சனம் என்ன சொல்லுறது? பூ என்ன வடிவு, பூ உயிரோடை இருக்கு எண்டுதானே? இலையைப் பற்றி ஆராவது ஒரு சொல்லுச் சொன்னவையோ? இவ்வளவு காலமும் அம்மா உங்கடை பூவுக்குப் பின்னாலைதான் நிண்டவ. இது ஒண்டாவது அவவின்ரையாய் இருக்கட்டும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுகிற மாதிரிக் கேட்டாள். சுட்டால் என் குரல்தான் ஏறும்.

"அந்த வெள்ளையெல்லாம் எனக்கு விட்ட இடம்! கொம்மா எனக்கெண்டு விட்ட இடம்! அதைப் பூட்டி வைக்க நீ ஆர்?"

"நான் அவவின்ரை மகள். நீங்கள் ஆர்?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவள் இரும்புப் படியில் இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது. என் மனுசன் ரீவியைக் குறைத்துவிட்டு, "பிள்ளை கேக்கிறதிலை பிழை இல்லையப்பா. குடுத்துவிடும்," என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா பூ இல்லாமலும் அது வடிவாய்த்தானே இருக்கு?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் என்றால் இதுதான். அவரோடு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. ஏன் அவ்வளவு கோபம் என்றால், எனக்கும் அதுதான் பயம். காலமை எழும்பிக் கோப்பியோடு அதற்கு முன்னால் நிற்பேன். வெள்ளை வெள்ளையாய் அந்த இடங்கள் என்னைப் பார்க்கும். வடிவாய்த்தான் இருந்தது. என் பூ வந்து அதைக் கெடுத்துவிட்டால்? மகள் சொன்னது சரி என்று ஆகிவிட்டால்?

அடுத்த கிழமை நூலகத்து மனுசன் போன் எடுத்தார். நல்ல மனுசன், தன்மையாய்க் கதைப்பவர். அக்காவின் மகள் தன்னோடு கதைத்தாளாம். அந்தப் பெரிய படத்தை இருக்கிறபடியே நடுச்சுவரில் வைக்கலாமாம். அதற்குக் 'கடைசி மை' என்று தலைப்புப் போட்டால் எனக்குச் சம்மதமோ என்று கேட்டார். கொதி உச்சிக்கு ஏறியது. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று போனை வைத்த கையோடு சிவப்பைக் கரைத்தேன்.

கடதாசியைச் சுவரிலிருந்து இறக்கி நிலத்தில் விரித்தேன். தூரிகையின் வயிற்றில் வெளிர் நிறம், நுனியில் கடும் சிவப்பு. இதழ் எங்கே தொடங்க வேணும், எந்தப் பக்கம் மடிய வேணும், எல்லாம் தெரியும். பெரிய வெள்ளைக்கு மேல் கையைக் கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. இறங்கு, இறங்கு என்று வாய்விட்டே சொன்னேன். வைத்தால் வைத்ததுதான். பிழைத்துப்போனால், "அக்கா, இன்னொண்டு போடுங்கோ" என்று கேட்க எனக்கு இனி ஆள் இல்லை. தூரிகையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நான் நின்றேனே தவிர, தூரிகையில் இருந்த தண்ணி நிற்கவில்லை. நுனியில் திரண்டு, விழுந்தது.

ஐயோ, என்ரை கடவுளே!

பெரிய வெள்ளையின் கரையில் விழுந்த அந்தத் துளி விரிந்தது, விரிந்துகொண்டே போனது. என் பழைய தடித்த கடதாசி என்றால் பஞ்சால் ஒற்றி எடுத்திருப்பேன். இது குடித்துவிட்டது. நான் முழங்காலில் இருந்து ஊதினேன், விசரி மாதிரி. ஊதி என்ன வரப்போகிறது? ஒரு தேசிக்காய் அளவுக்கு வந்துதான் நின்றது. பூவும் இல்லை, வெள்ளையும் இல்லை. மகளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.

அன்று பின்னேரமே மகளுக்குப் போன் எடுத்தேன். துளியைப் பற்றி மூச்சு விடவில்லை. "நீயும் நானும் சண்டை பிடிச்சு என்ன? கொம்மாவிட்டையே கேப்பம். ஓம் எண்டால் நான் பூ வைப்பன். இல்லையெண்டால் கடதாசி உனக்கு. பேந்து ஆரும் கதைக்கக்கூடாது," என்றேன். அக்காவுக்கு நாங்கள் கதைப்பது விளங்கும், சொல்லத்தான் வாறதில்லை என்று ஆஸ்பத்திரித் தெரபிக்காரப் பிள்ளை சொல்லியிருந்தாள். ஓம் என்றால் தலையைக் குனிவா, இல்லை என்றால் பக்கவாட்டில் ஆட்டுவா. மகள், "சரி, ஞாயிற்றுக்கிழமை," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் என் மனுசன் கடதாசிச் சுருளைக் குழந்தைப்பிள்ளையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிரில் நின்றார். கார் பழுது பார்க்கிற இடத்தில் கிடந்தது. "எள்ளுக் காயுது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை ஏன் காயுது?" என்று தன்னையே பார்த்துக் கேட்டார். மற்ற நாள் என்றால் சிரித்திருப்பேன். என் பையில் நிறம், கிண்ணம், தூரிகைகள், பூவின் நடுவுக்கு ஒரு பொட்டு வைக்க மைப்போத்தலும் இருந்தது. அக்கா ஓம் என்று தலை குனிந்த மறுநிமிசம் அவவின் கண் முன்னாலேயே வைத்து முடித்துவிட வேணும், மகள் மனம் மாற இடம் கொடுக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

நடக்கவும் பேசவும் திரும்பப் பழக்குகிற ஆஸ்பத்திரி அது. மத்தியானச் சாப்பாடு முடிந்து சாப்பாட்டு அறையில் நீள மேசைகள் துடைத்துக் கிடந்தன. என் மனுசன் கீழே இருக்கிறேன் என்று கழன்றுகொண்டார். அக்கா சில்லு வைத்த கதிரையில் மேசையோடு இருந்தா. தலைமயிரை யாரோ வகிடு மாற்றி இழுத்துவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டு வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தா. மகள் பக்கத்தில் நின்றாள், கைகளைக் கட்டிக்கொண்டு.

சுருளை விரித்து, பையில் இருந்ததையெல்லாம் பக்கத்தில் எடுத்து வைத்தேன். மகளின் கண் நேரே துளிக்குத்தான் போனது.

"தொட்டிட்டீங்கள்!"

"தொடேல்லை. விழுந்தது."

"விழுந்ததோ விட்டதோ! அம்மாவின்ரை கடைசிப் படம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!"

"கடைசிப் படம் எண்டால் ஒழுங்காய் முடிச்சு வைக்கவேணும். அரைகுறையாய்த் தொங்கவிடுறதோ அவவுக்கு மரியாதை?"

"உங்களுக்கு உங்கடை பூத்தான் பெரிசு!"

"ஓம், பெரிசுதான்! அந்தப் பூவுக்குத்தான் கொம்மா இடம் விட்டவ!"

மற்ற மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாதி வாசலில் எட்டிப் பார்த்தா. டமார் என்று ஒரு சத்தம். அக்கா இடது கையால் மேசையில் அடித்திருந்தா. நாங்கள் வாயை மூடினோம்.

நான் அவவுக்குப் பக்கத்தில் குனிந்து, முடிந்தவரைக்கும் மெதுவாய்க் கேட்டேன். "அக்கா, இதிலை நான் பூ வைக்கட்டோ? ஓமோ, இல்லையோ?"

அக்கா கடதாசியைப் பார்த்தா. என் துளியைப் பார்த்து 'ச்சு' கொட்டினா. பிறகு இலைகளைப் பார்த்தா, ஒவ்வொன்றாய், நெடுநேரம். தலை குனியவும் இல்லை, ஆடவும் இல்லை. அப்போது அக்காவின் இடது கை என் தூரிகைகளுக்குப் போனது. நான் சிவப்புக்கு எடுத்து வைத்திருந்ததைத் தட்டிவிட்டா. பெரியதை எடுத்தா.

எனக்குத்தான் எடுத்துத் தரப்போகிறா என்று நினைத்தேன். கையை நீட்டினேன். கண்ணீர்கூட வந்துவிட்டது, என்ன விசர்! அவ என் கையைப் பார்க்கவே இல்லை. தூரிகையின் காம்பால் மைப்போத்தலைத் தட்டினா. என்ன ஏது என்று யோசிக்காமல் மகள் மூடியைத் திறந்துவிட்டாள். அக்கா தோய்த்தா. சின்னப் பிள்ளை கரண்டி பிடிக்கிற மாதிரிப் பொத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய வெள்ளையின் நட்டநடுவில் கறுப்பை வைத்தா.

"அம்மா!"

"அக்கா!"

அவளும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். அக்கா நிறுத்தவில்லை. கை கோணியது, மை தேங்கியது, கோடு போக நினைத்த பக்கம் போகாமல் வேறெங்கோ இழுபட்டது. அது பூவும் இல்லை, இலையும் இல்லை. என் சிவப்புத் துளி அதற்குள் மூழ்கிப்போனது. அவ கழுத்தைச் சரித்து அதைப் பார்த்தா, பிடிக்கவில்லை என்று முகத்தைச் சுளித்தா, திரும்பத் தோய்த்தா. மேலே இருந்த இரண்டு வெள்ளையும் போயின. மொட்டுக்கு விட்ட வெள்ளையும் போனது. வெள்ளை முடிந்ததும் தன் இலைகளுக்கு மேலேயே இழுத்தா. அந்த இலைகள்! தன் நல்ல கையால் போட்ட, இனி ஒருவராலும் போட ஏலாத அந்த இலைகளுக்கு மேலே! மகள் தாங்கமாட்டாமல் அவவின் மணிக்கட்டைப் பிடிக்கப் போனாள். அக்கா முழங்கையால் அவளை இடித்துத் தள்ளினா.

எனக்கும் பிடித்து நிறுத்த வேணும் போலத்தான் இருந்தது. நிறுத்தாமல் விட்டதற்குக் காரணம் அவவின் முகம். நெற்றியில் வியர்வை. கீழ் உதட்டைப் பல்லால் கடித்திருந்தா. சனிக்கிழமை தோறும் என் குசினி மேசைக்கு எதிர்ப்பக்கம் நான் பார்த்த முகம் அது. வேலை செய்கிற முகம்.

முன்பக்கத்தில் இடம் இல்லாமல் போனதும் கடதாசியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தா. பிரட்டச் சொல்கிறா என்று விளங்கி நான் பிரட்டிப் போட்டேன். மை ஊறின அந்த முதுகிலும் இழுத்தா. இலைதான் போடப் பார்க்கிறா என்று அப்போது எனக்குத் தெரிந்தது. காம்பிலிருந்து தொடங்கி நுனிக்குப் போய்த் தூக்குகிற அதே இழுப்பு, தெரியாத கையால். திரும்பத் திரும்ப அதே இழுப்பு. அதிலும் இடம் முடிந்ததும் தூரிகையால் மேசையைத் தட்டி, "இன்னும்," என்றா.

நோய் வந்தபிறகு அவவின் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல். மகளும் அப்போதுதான் கேட்டிருக்க வேணும். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கடதாசி கேக்கிறா," என்றாள் மெதுவாய்.

ஓடிப்போய்க் கை கழுவுகிற இடத்திலிருந்து அந்தப் பழுப்புக் கைதுடைக்கிற கடதாசிகளைக் கை நிறைய இழுத்துக்கொண்டு வந்து மேசையில் பரப்பினாள். அக்காவுக்கு அது போதும். அவவுக்கு அது சீனக் கடதாசியோ, ஆஸ்பத்திரிக் கடதாசியோ, கொப்பிக் கரையோ என்பது ஒரு விசயமாய்த் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடைசி, கடைசி என்று ஆளை இருத்தி வைத்துக்கொண்டு ஆளுக்கே செத்தவீடு நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். அவ எங்களிடம் ஓம் சொல்லவோ இல்லை சொல்லவோ அங்கே இருக்கவில்லை. அவவுக்கு ஒரு கை மிச்சம் இருந்தது, அதைப் பழக்கக் கடதாசி வேண்டியிருந்தது.

நான் அழுதேன். என் பூ போய்விட்டதே என்றும் அழுதேன், பொய் சொல்லக்கூடாது. மகளும் அழுதாள். இரண்டு பேருமாய் மை பட்ட மேசையைத் துடைக்க, அக்கா எங்களைப் பார்க்காமல் அடுத்த கடதாசியை இழுத்தா.

பின்னேரம் மகளும் நானும் லிஃப்டுக்குக் காத்து நின்றோம். செவ்வரத்தையைச் சுருட்டி அவள்தான் வைத்திருந்தாள். இன்னும் காயாத மை அவளுடைய வெள்ளை ஜக்கெற்றில் பிரண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"நூலகத்துக்கு என்ன சொல்லுறது அன்ரி?"

"பழசுகளைக் குடுப்பம். நடுவிலை தாமரையை வைக்கட்டும்."

லிஃப்ட் வந்தது. ஏறினோம். கீழே போய்க்கொண்டிருக்கும்போது, "இந்தக் கடதாசி எங்கை வாங்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

சீனக் கடைத்தெருவில் இருக்கிற கடையைச் சொன்னேன். எந்தத் தட்டில் இருக்கும் என்றும் சொன்னேன். "திறமானதை வாங்காதை. மலிஞ்சதாய்ப் பார்த்துக் கட்டுக்கட்டாய் வாங்கு," என்றேன். "கொம்மா நிறையப் பழுதாக்கப் போறா."